இரண்டாம் வயலின் யார்?

சென்ற இதழில் நண்பர் எழுதிய சிம்பொனிக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 11 பக்கம். இளையராஜாவின் பெயர் 43 தடவை வருகிறது. பாக் 9 தடவை, பீத்தோவன் 7, அடார்னோ 4. (வங்கியில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு எண்ணுவது தானாக வந்துவிடுகிற காரியம்.) அந்த இசையை வாசித்தவர்களில் ஒருவர் பெயர்கூட வரவில்லை. ‘லண்டன் இசைக்குழு’ என்று ஓரிடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். ‘தந்திகள் விம்முகின்றன’ என்று எழுதுகிறார். தந்தி தானாக விம்முவதில்லை. ஒரு ஆள் தோளில் மரப்பெட்டியை இடுக்கிக்கொண்டு, குதிரைமயிர் கட்டிய வில்லை அதன் மேல் இழுத்தால்தான் விம்மும். அந்த ஆள் எந்த வயதில் வில்லைப் பிடித்தான், யார் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், அவன் வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்பதெல்லாம் விமர்சனத்துக்குப் புறம்பான விவகாரம் என்று நண்பர் நினைப்பதாகத் தெரிகிறது. நண்பர் மட்டுமல்ல. இம்மாதிரிப் பத்திரிகைகளில் சங்கீதம் பற்றி எழுதுகிற எல்லோருமே அப்படித்தான் நினைத்து வந்திருக்கிறோம்.

அது விமர்சனத்துக்கு உள்ளே இருக்கிற விவகாரம் என்பது என் கட்சி.

2025 மார்ச் 8ஆம் தேதி லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியது. வாசித்தது ராயல் பில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்க்கெஸ்ட்ரா. அதற்கு 20 வருஷம் முன்னால், 2005இல், திருவாசகம் சிம்பொனி வடிவில் வந்தது. அதற்கு வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா. மாணிக்கவாசகர் உருகினார், ஹங்கேரிக்காரன் வில்லை இழுத்தான். இதில் எனக்கு ஆட்சேபம் எதுவுமில்லை. திருவாசகம் யாருக்கும் உருகும். ஆனால் ஏன் புடாபெஸ்ட் என்று அன்றும் நம்மில் யாரும் கேட்கவில்லை, ஏன் லண்டன் என்று இன்றும் கேட்கவில்லை. கேட்டால் ‘தரம்’ என்று ஒரே வார்த்தையில் பதில் வருகிறது. தரம் என்ன டான்யூப் ஆற்றுத் தண்ணீரிலா கலந்திருக்கிறது?

அது பள்ளிக்கூடத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிப்போன ஒரு ஏழை நாட்டில், போர் முடிந்து 5 வருஷத்துக்குள், 1950இல், கெச்கெமெட் என்கிற ஊரில் தினமும் பாட்டு வகுப்பு நடக்கிற ஆரம்பப் பள்ளி தொடங்கியது. கோடாய் என்ற இசையமைப்பாளர் அதன் பின்னால் இருந்தார். குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதிலேயே ஸ்வரம் பார்த்துப் பாடவும் படிக்கவேண்டும் என்பது அவர் பிடிவாதம். அந்த மாதிரிப் பள்ளிகள் பெருகின. அவற்றுக்கு மேல் புடாபெஸ்டில் 1875இல் ஏற்பட்ட லிஸ்ட் அகாதமி. அங்கே வயலின் தனியாகவும் அறை இசை தனியாகவும் கற்பிக்கப்பட்டன. பிறகு உலகப் புகழ் பெற்ற இசையமைப்பாளர் குர்டாக் அங்கே அறை இசைக்குப் பேராசிரியராகப் பல வருஷங்கள் உட்கார்ந்திருந்தார். அறை இசைக்கு என்று ஒரு நாற்காலி, அதற்கு அரசாங்கச் சம்பளம் என்பதை யோசித்துப் பாருங்கள். அதே அகாதமியில் படித்துக்கொண்டிருந்த நாலு பையன்கள் 1975இல் சேர்ந்து உட்கார்ந்ததுதான் டாகாச் நால்வர் குழு. உறுப்பினர்கள் மாறி மாறி வந்தாலும் அரை நூற்றாண்டாக அந்தக் குழு இருக்கிறது. ஆக, நம் ஆட்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புடாபெஸ்டுக்கு ஒலிப்பதிவுக்குப் போகிறபோது அந்த ஊரின் 2 தலைமுறைப் பள்ளிக்கூடச் செலவை வாடகைக்கு எடுக்கிறார்கள். மணிக்கணக்கில் கொடுக்கிற கூலி அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

அறை இசை என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதை விளக்கிவிடவேண்டும், ஏனென்றால் நண்பர் சிம்பொனியையும் நால்வர் இசையையும் ஒரே மூச்சில் ‘மேற்கத்திய செவ்வியல்’ என்று தாண்டிப் போய்விட்டார். ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரே வரியைப் பத்துப் பன்னிரண்டு வயலின்கள் வாசிக்கும். ஒருவர் தடுக்கினால் மற்றவர்கள் தாங்குவார்கள். முன்னால் ஒருவர் கோலை ஆட்டிக்கொண்டு நிற்பார். நால்வர் குழுவில் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. ஒரு வரிக்கு ஒரே ஆள். கோல் பிடிக்கிறவர் கிடையாது. எப்போது ஆரம்பிப்பது என்பதை முதல் வயலின்காரர் மூச்சு இழுப்பதைப் பார்த்து மற்ற மூவரும் தெரிந்துகொள்ளவேண்டும். வில்லை மேலே தள்ளுவதா கீழே இழுப்பதா என்று ஒரு வரிக்காக ஒரு காலைப் பொழுது முழுவதும் சண்டை போடுவார்கள். இதில் இரண்டாம் வயலின், வயோலா இருவரின் ஸ்தானம் விசேஷமானது. ராகத்தை எடுத்துப் போகிறவர்கள் அவர்கள் அல்ல. அடித்தளமும் அவர்கள் அல்ல. ஆனால் அவர்கள் இருவரும் சோர்ந்தால் மொத்தமும் சொத்தையாகிவிடும். இம்மாதிரி ஒரு ஆளை உருவாக்குவதற்குத் தனிக் கல்வி வேண்டும். நட்சத்திரத்தை உருவாக்குகிற கல்வி வேறு, இது வேறு.

நமக்கு நால்வர் என்றால் தேவார நால்வர் தெரியும். தஞ்சை நால்வர் தெரியும். நாலு வில் சேர்ந்த நால்வர் தெரியாது.

இதைச் சொன்னவுடன் ‘அது நம் மரபில்லை’ என்று ஒரு குரல் கிளம்பும். எந்த மரபு? வயலினே நம் மரபில் இல்லாததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டு அதைக் கர்நாடக சங்கீதத்துக்குத் திருப்பினார். தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலுவுக்கு 1834இல் சுவாதித் திருநாள் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசாகக் கொடுத்தார். தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி ஐரோப்பிய வாத்யக் கோஷ்டி ஒன்றை வைத்திருந்தார். அவர் சேர்த்த மேல்நாட்டு ஸ்வரப் புத்தகங்கள் சரசுவதி மகாலில் இருக்கின்றன. ஆக, வாத்யமும் வந்தது, வாத்யத்துக்கு எழுதப்பட்ட காகிதமும் வந்தது. வாத்யத்தை எடுத்துக்கொண்டோம், காகிதத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினோம்.

அறையும் நமக்குப் புதிதல்ல. வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தது அறை இசை இல்லாமல் வேறென்ன? மீட்டுகோல் இல்லாமல் விரலாலேயே மீட்டுவார். கேட்க வந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம், அவ்வளவு மெல்லிய நாதம். அந்த அறைக்குள் உட்காரத் தகுதி வேண்டும் என்று பெரிய வித்வான்களே பயந்தார்கள். மைக் வந்து, சபா வந்து, அறை போனது. போனதற்காக நான் ஒப்பாரி வைக்கவில்லை. அந்த அறைக்குள் யாரை விட்டார்கள், யாரை விடவில்லை என்பதும் எனக்குத் தெரியும். நமக்கு அறை அந்நியமில்லை, அறைக்குள் ஒருவருக்கொருவர் சமமாக உட்காருவதுதான் அந்நியம் என்பதற்காக இதைச் சொன்னேன்.

நம் வயலின் கல்வி எதைச் செய்கிறது? சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம், கிருதி என்று ஏற்றுகிறது. பத்து வருஷம் கழித்து பையன் பாடகருக்குப் பக்கத்தில் உட்காருகிறான். அவர் என்ன பாடப் போகிறார் என்பது அவருக்கே தெரியாது. அது வாயிலிருந்து விழுந்த அரைக் கணத்தில் இவன் வில்லில் வந்தாகவேண்டும். இது உலகத்தில் வேறெங்கும் காணக் கிடைக்காத திறமை என்று நான் நிச்சயமாக நம்புகிறேன். லிஸ்ட் அகாதமிப் பையனைக் கொண்டுவந்து உட்காரவைத்தால் முதல் ஆலாபனையிலேயே கையைத் தூக்கிவிடுவான். ஆனால் இந்தத் திறமை ஒரே திசையில்தான் ஓடுகிறது. பின்தொடர்வது. பின்தொடர்கிறவனுக்குக் கூலி குறைவு, நோட்டீஸில் எழுத்து சின்னது, தனி ஆவர்த்தனத்துக்கு முன்னால் கைதட்டலில் ஒரு பங்கு. பக்கத்தில் இருப்பதால் பக்கவாத்யம். வயலினுக்கு 1941லேயே துவாரம் வெங்கடசாமி நாயுடு மூலம் சங்கீத கலாநிதி கிடைத்தது, உண்மை. வயலின் வாசிக்கிற ஒரு பெண்ணுக்கு அது கிடைக்க, ஏ. கன்யாகுமரிக்கு, 2016 ஆகிவிட்டது. லால்குடி ஜெயராமனுக்குக் கடைசிவரை இல்லை.

இந்த ஏற்பாட்டுக்கு வெளியே வர எத்தனித்தவர்கள் இல்லாமல் இல்லை. அதே லால்குடி 1966இல் புல்லாங்குழல் ரமணியையும் வீணை வெங்கட்ராமனையும் சேர்த்துக்கொண்டு வயலின்-வேணு-வீணை என்று மூவர் கச்சேரி ஆரம்பித்தார். அதைப் பற்றி நம் பத்திரிகைகளில் ஒரு நல்ல கட்டுரை வந்ததாக எனக்கு நினைவில்லை. மற்றபடி இரண்டு வயலின் சேர்ந்து வாசிக்கிற இடங்களைக் கவனியுங்கள். அண்ணன் தம்பி, அக்கா தம்பி, அப்பா பிள்ளை. எல். வைத்தியநாதன், எல். சுப்ரமணியம், எல். சங்கர் மூவரும் ஆரம்பத்தில் சேர்ந்து வாசித்தவர்கள், ஒரே வீட்டுப் பிள்ளைகள். கணேஷ்-குமரேஷ் சகோதரர்கள். லால்குடியின் மகனும் மகளும். ஒன்றாக வாசிக்க நம் ஊரில் ஒரே வயிற்றில் பிறந்திருக்கவேண்டியிருக்கிறது. அந்நியர் நாலு பேரை ஒன்றாக உட்காரவைக்கிற ஸ்தாபனம் எதுவும் நம்மிடம் இல்லை.

ஒன்று இருந்தது. அதை ஸ்தாபனம் என்று சொன்னால் நண்பர் முகம் சுளிப்பார். கோடம்பாக்கம்.

70களிலும் 80களிலும் சென்னை ஸ்டுடியோக்களில் நடந்தது என்னவென்று யோசித்துப் பாருங்கள். காலையில் இளையராஜா ஸ்வரக் காகிதத்தை எழுதித் தருவார். வாசிக்கிறவர்கள் தங்கள் பகுதியைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். அதற்கு முன் கண்ணால் பார்த்திராத ஒன்று அன்றைக்கே ஒலிநாடாவில் ஏறிவிடும். இதற்கு வேண்டிய வாசிப்புக் கல்வியை எந்த அரசு இசைக்கல்லூரியும் தரவில்லை. மாதா கோயில் பாடகர் குழுக்களும், டிரினிட்டிப் பரீட்சைகளும், மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் இருந்துகொண்டு இளையராஜாவுக்கும் பிற்பாடு ரஹ்மானுக்கும் சொல்லிக்கொடுத்த தன்ராஜ் மாஸ்டர் போன்றவர்களும், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மூத்த வாசிப்பாளர்களும் தந்தார்கள். கூலிக்கு ஒரு முறையை ஏற்படுத்தப் போராடியவர் எம்.பி. சீனிவாசன். அவரே இசையமைப்பாளராக இருந்துகொண்டு வாசிப்பவர்களுக்குச் சங்கம் கட்டினார். இசையமைப்பாளர்களைப் பற்றிய நம் புராணங்களில் அவருக்கு ஒரு பத்திகூட ஒதுக்கப்படுவதில்லை என்பது தற்செயல் இல்லை.

‘ஹௌ டு நேம் இட்’ 1986இல் வந்தபோது நம்மில் பலர் கல்லூரிக்குப் போயிருக்கவில்லை, சிலர் பிறந்தே இருக்கவில்லை. ஆனாலும் அதைப் பற்றி எழுதாதவர் இல்லை. தியாகராஜரும் பாக்கும் சந்திக்கிறார்கள் என்பது எல்லோரும் எழுதுகிற வாக்கியம். அவர்கள் சந்தித்தது வி.எஸ். நரசிம்மனின் இடது கை விரல்களில். அந்த வயலினை வாசித்தவர் அவர். பாலசந்தரின் ‘அச்சமில்லை அச்சமில்லை’ படத்துக்கு 1984இல் இசையமைத்தவரும் அவரே. 1993இல் அவர் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டைத் தொடங்கினார். நரசிம்மன் முதல் வயலின், மோகன் ராவ் இரண்டாம் வயலின், பி.ஜே. சந்திரன் வயோலா, வி.ஆர். சேகர் செல்லோ. தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. நால்வரும் சினிமா வாசிப்பாளர்கள். கால்ஷீட் முடிந்த பிறகு மிஞ்சிய நேரத்தில் இதைச் செய்தார்கள்.

அவர்கள் என்ன செய்தார்கள் என்பதில் எனக்குப் பூரண சம்மதம் இல்லை, அதையும் சொல்லவேண்டும். கீர்த்தனைகளை எடுத்து, ராகத்தை முதல் வயலினில் வைத்து, மற்ற மூன்றிலும் மேற்கத்திய முறையில் ஸ்வர அடுக்குகளைக் கட்டினார்கள். சில இடங்களில் புல்லரிக்கிறது. பல இடங்களில் ராகம் நெளிகிறது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற ஸ்வரம் இல்லை, அது ஒரு அசைவு. அதற்குக் கீழே வயோலா அசையாமல் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டால் மேலே இருக்கிற அசைவு பிசகு போலக் கேட்கிறது. இதற்கு என்ன வழி? வயோலாவும் அசையவேண்டுமா, செல்லோ மட்டும் ஆதார ஷட்ஜத்தில் நின்றால் போதுமா, இரண்டாம் வயலின் ராகத்தின் வேறொரு பிடியை எடுத்துக்கொண்டு முதல் வயலினுக்குக் குறுக்கே போகலாமா? இவை மேஜையில் உட்கார்ந்து தீர்க்கிற விஷயங்கள் இல்லை. நாலு பேர் பத்து வருஷம் ஓர் அறையில் வாசித்து வாசித்துத் தீர்க்கவேண்டியவை. ஒரே ஒரு குழு, அதுவும் மிச்ச நேரத்தில், அதன் விளிம்பு வரைக்கும் வந்தது. அங்கேயிருந்து எடுத்துப் போக அடுத்த குழு பத்து இருந்திருக்கவேண்டும். விமர்சனம் என்று ஒன்று இருந்திருந்தால் இந்தக் காந்தாரம் பற்றித்தான் அது எழுதியிருக்கவேண்டும். நாம் ‘சந்திப்பு’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டோம்.

பிறகு நடந்தது தெரிந்ததே. கணிப்பொறி வந்தது. 90களுக்குப் பிறகு வரிசை வரிசையாக உட்கார்ந்த வில்கள் குறைந்தன. பெரிய பட்ஜெட்டுக்கு நிஜ வில் வேண்டுமென்றால் புடாபெஸ்ட், மாசிடோனியா. சின்ன பட்ஜெட்டுக்குப் பெட்டிக்குள் இருக்கிற வில். கோடம்பாக்கம் என்ற கல்லூரி ஒருநாளும் தன்னைக் கல்லூரி என்று நினைத்துக்கொண்டதில்லை, ஆகவே மூடுவதற்கு நோட்டீஸ் கொடுக்கவேண்டிய அவசியமும் அதற்கு ஏற்படவில்லை. ரஹ்மான் 2008இல் கே.எம். இசைப்பள்ளியை ஆரம்பித்து, ஏழைக் குழந்தைகளைச் சேர்த்து சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா என்று ஒன்றை வளர்த்தார். அது அவர் கைப்பணம். மும்பையில் 2006இல் இந்திய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா என்று ஏற்பட்டபோது அதன் நாற்காலிகளில் பெரும்பகுதியை வெளிநாட்டாரைக் கொண்டுவந்து நிரப்பவேண்டியிருந்தது. கசாக்ஸ்தானிலிருந்து வந்தார்கள். கசாக்ஸ்தானுக்கு இருந்த பள்ளிக்கூடம் நமக்கு இல்லை.

தொழில் என்ற பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின் வாசிக்கிறவர் ஒருவர் ஒருமுறை கடன் கேட்டு என் கௌண்டருக்கு வந்தார். படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் ‘வயலின்’ என்று எழுதியிருந்தார். வருமானச் சான்று கேட்டேன். கல்யாண மண்டபங்களில் கொடுத்த அட்வான்ஸ் சீட்டுகளை ரப்பர் பாண்டு போட்டுக் கொண்டுவந்திருந்தார். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு எங்கள் படிவத்தில் விவசாயி, வியாபாரி என்று இரண்டு வழிதான். வியாபாரி என்று மாற்றி எழுதிக் கொடுத்தார். ஒரு காலத்தில் வானொலி நிலையத்தில் வயலினுக்கு என்று மாதச் சம்பளத்தில் நிலைய வித்வான் வேலை இருந்தது. அந்த வேலையில் இருந்தவர் வீடு கட்டினார், பெண்ணைக் கட்டிக்கொடுத்தார். அந்த ஆசை காட்டித்தான் பல வீடுகளில் பிள்ளைகளுக்கு வயலின் வாங்கிக் கொடுத்தார்கள். ஓய்வு பெற்றவர்கள் இடத்துக்கு ஆள் எடுப்பது அரிதாகிவிட்ட பின், ஒரு தகப்பன் எதைச் சொல்லி மகனிடம் வில்லைக் கொடுப்பான்?

இனி என் ஊருக்கு வருகிறேன். கள்ளக்குறிச்சி என்றால் 2024 ஜூனில் கள்ளச்சாராயத்தில் 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்களே, அந்த ஊர்தானே என்பார்கள். அந்த ஊர்தான். மேற்கே கல்வராயன் மலை. வெள்ளிமலைக்குப் பஸ் ஏறிப் போனால் மலையாளிப் பழங்குடிக் குழந்தைகள் படிக்கிற உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே ஒரு குழந்தைக்கு வயலின் கற்றுக்கொடுக்கவேண்டும் என்று நான் சொன்னால், நம் வட்டத்து முற்போக்கு நண்பர்களே முதலில் சிரிப்பார்கள் என்று தெரியும். ரோடு இல்லாத கிராமத்துக்கு வயலினா? இது மேட்டுக்குடி விளையாட்டு அல்லவா?

சிரிப்பதற்கு முன் காலிம்போங் வரை போய் வாருங்கள். அதுவும் மலைதான். 1993இல், மெட்ராஸ் குவார்ட்டெட் தொடங்கிய அதே வருஷம், எட்வர்ட் மக்வயர் என்ற ஜேசுசபைப் பாதிரியார் அங்கே காந்தி ஆசிரமப் பள்ளி என்று ஒன்றை ஆரம்பித்தார். நிலமில்லாத கூலிகளின் பிள்ளைகளுக்கான பள்ளி. அங்கே குழந்தைகளுக்குச் சாப்பாடு போட்டார்கள், கணக்கு சொல்லிக்கொடுத்தார்கள், எல்லோர் கையிலும் ஒரு வயலினைக் கொடுத்தார்கள். கெட்டிக்காரக் குழந்தைக்கு மட்டும் என்று தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை என்பதுதான் விஷயம். சேர்ந்து வாசித்தார்கள். சிலர் வெளிநாடு போய் சங்கீதம் படித்தார்கள். பெரும்பாலோர் போகவில்லை. வில் பிடித்த கையோடு வேறு வேலைக்குப் போனார்கள். மலைக் குழந்தைக்கு ரோடு போடுகிறவரை சங்கீதம் கூடாது என்பது யார் விதித்த வரிசை? கெச்கெமெட்டில் பாட்டுப் பள்ளி திறந்த அன்று ஹங்கேரியில் ரோடெல்லாம் போட்டு முடித்திருந்தார்களா?

எங்கள் பக்கத்துக் கைகளுக்கு மரம் புதிதல்ல என்பதை வேறு சொல்லவேண்டும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிள்ளையாரின் தும்பிக்கையை அவ்வளவு நுட்பமாக இழைக்கிற ஆசாரிக்கு வயலினுக்கு ஒரு பிருடையோ குதிரையோ இழைத்துக் கொடுக்க எத்தனை நாழிகை ஆகும்? இங்கே வயலின் பிருடை வழுக்கினால் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இது கிளைக்கதை, விட்டுவிடுகிறேன்.

அரசாங்கத்திடம் ஒன்றும் இல்லாமல் இல்லை. கலை பண்பாட்டுத் துறை 17 மாவட்ட இசைப்பள்ளிகளை நடத்துகிறது. மூன்று வருஷப் படிப்பு. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பிரிவு. விழுப்புரத்தில் ஒன்று இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல், வெள்ளிமலையிலிருந்து என்றால் 100க்கு மேல். வயலின் உண்டு. வயோலா, செல்லோ கிடையாது. எந்தப் பள்ளிக்கூடப் பட்டியலில் வயோலா இல்லையோ அந்த ஊரில் சிம்பொனி எழுதுகிறவன் பிறக்கலாம், பண்ணைப்புரத்தில் பிறந்தான். வாசிக்கிறவன் பிறக்கமாட்டான். மேதைக்குப் பள்ளிக்கூடம் தேவையில்லாமல் இருக்கலாம். இரண்டாம் வயலினுக்குத் தேவை. நம் விமர்சனம் மேதையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால் பள்ளிக்கூடம் இல்லாதது அதன் கண்ணில் படவே இல்லை. பாராட்டு விழாக்கள் நடத்துகிற அரசாங்கத்துக்கும் படவில்லை. நம்மைப் போன்ற ஒரு சிறு கூட்டம் எழுதி அரசாங்கம் கேட்டுவிடுமா என்று நண்பர் கேட்கலாம். கேட்காது. ஆனால் சில நூறு பேர் படிக்கிற பத்திரிகை நடத்துகிற நாம், நாலு பேர் வாசித்து நாற்பது பேர் கேட்கிற இசையை ஒரு பொருட்டாக எண்ணவில்லை என்றால் வேறு யார் எண்ணுவார்கள்? நண்பரின் கட்டுரைகள் தொகுப்பாக வரவிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பின்னிணைப்பில் பெயர்கள் சேர்க்க இடமிருக்கும். நாலு பெயரை மேலே கொடுத்துவிட்டேன். மீதியைக் கோடம்பாக்கத்தில் விசாரித்தால் சொல்வார்கள்.

விழுப்புரம் மாதிரியான பள்ளிக்கு நான் கேட்பது மிகச் சின்ன விஷயம். சினிமாவில் வேலை குறைந்துபோன வில்கள் வடபழனியிலும் சாலிகிராமத்திலும் இருக்கின்றன. காகிதம் பார்த்து வாசிக்கவும் பக்கத்து ஆளின் மூச்சைக் கேட்கவும் தெரிந்த கடைசி வரிசை அது. அவர்களில் ஒருவரை வாரத்துக்கு இரண்டு நாள் ரயிலேற்றிக் கூட்டிவரலாம், மூன்று மணி நேரம். படிக்காசும் ரயில் காசும் சேர்த்தால் ஒரு பாராட்டு விழாவின் பந்தல் செலவைத் தாண்டாது. செல்லோ பிறகு வரட்டும். முதல் பாடத்துக்கு நாலு வயலின் போதும். மோகன வர்ணத்தையே எடுத்துக்கொண்டு ஒருவன் மேலே வாசிக்க ஒருவன் கீழ் ஸ்தாயியில் வாசிக்க, மூன்றாமவன் இரண்டு அட்சரம் தள்ளி நுழைந்து பார்க்க, நாலாமவன் ஷட்ஜத்திலும் பஞ்சமத்திலும் நிற்கட்டும். அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்ளவேண்டும். தரையில் உட்கார்ந்தாலும் சரி, வாத்தியாரைப் பார்த்து வரிசையாக உட்காராமல் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிற மாதிரி உட்காரவேண்டும்.